“மாத்திரைக்கு எழுதினீங்க... நடைக்கு எழுதலையே டாக்டர்?”

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர் அவர். வயது 58. காலை ஒன்பதரை மணிக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், சாப்பிட எழுந்திருப்பதைத் தவிர இரவு ஒன்பது மணிவரை அதே நாற்காலிதான். முதல் ஹார்ட் அட்டாக் வந்தபோது அவரைப் பார்த்தவன் நான். ஸ்டென்ட் வைத்து, நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

“உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, மாத்திரையை விட்டுடாதீங்க. நல்லா நடங்க.”

அடுத்த இரண்டு வருடங்களில் ஏழெட்டு முறை செக்கப்புக்கு வந்தார். ஒவ்வொரு முறையும், “வாக்கிங் போறீங்கல்ல?” என்று கேட்பேன். “போறேன் டாக்டர்” என்பார். வெளியே அடுத்த டோக்கன் காத்திருக்கும். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி, இரண்டாவது அட்டாக்கோடு வந்து சேர்ந்தார். மறுபடியும் ஆஞ்சியோ, மறுபடியும் ஒரு ஸ்டென்ட். நடக்காததால்தான் இது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. அப்பாவுக்கும் இதய நோய் இருந்திருக்கிறது. ஆனால், அந்த இரண்டு வருடங்களில் அவருடைய எடை எட்டு கிலோ கூடியிருந்தது. தெருமுனைக் கடைவரைகூட அவர் நடந்து போனதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் அன்று, அவருடைய மனைவி மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க டாக்டர். இந்தச் சீட்டுல ஒவ்வொரு மாத்திரைக்கும் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடின்னு எழுதியிருக்கீங்க. போன தடவையும் அப்படித்தான் எழுதினீங்க. ஒண்ணு விடாம எடுத்துக் கொடுத்தேன். நடக்கறதை மட்டும் வாயால சொன்னீங்க. எவ்வளவு நேரம், எப்போ, வேகமாவா, மெதுவாவா... எதுவுமே எழுதலையே?”

என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மா கேட்டது நியாயம். ஒரு மாத்திரையை, ‘நல்லா சாப்பிடுங்க’ என்று மட்டும் சொல்லி எந்த டாக்டராவது கொடுத்து அனுப்புவாரா?

இந்த வாரம் எழுதப்போவது, இதய நோயாளிகளுக்காக மட்டும் அல்ல. அவர்களை நடக்கவைக்க வேண்டிய எங்களைப் போன்ற டாக்டர்களுக்காகவும்தான்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

‘இதய நோய் வந்தவர் அசையக் கூடாது’ என்ற எண்ணம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதற்கு நோயாளிகளைக் குறை சொல்ல முடியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்களே டாக்டர்கள்தான். சுமார் 75 வருடங்களுக்கு முன்புவரை, மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். தானே சாப்பிடக்கூட விட மாட்டார்கள்.

1952-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள், மாரடைப்பு வந்தவர்களைச் சீக்கிரமே படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய துணிச்சல். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும், தசைகள் கரையும், மனம் சோர்ந்துபோகும் என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் புரிந்தது.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த இதய நிபுணர் பால் டட்லி வைட், தானே சைக்கிள் ஓட்டுகிறவர், உடல் உழைப்பை நம்பியவர். ஐசனோவர் குணமாகி, மறுபடி கோல்ஃப் மைதானத்துக்குப் போனார். 1956 தேர்தலில் நின்று ஜெயித்தார். ‘மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது’ என்று நினைத்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி, எங்கள் கணக்கரை நினைவுபடுத்துவது. 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைக் கணக்கெடுத்தார். நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே சாலை. ஒருவர் உட்கார்ந்திருந்தார், இன்னொருவர் நடந்தார்.

ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களுக்கு? 2021-ல் காக்ரேன் அமைப்பு, உலகம் முழுக்க நடந்த 85 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவதும், மருத்துவமனையில் சேருவதும், இதய நோயால் இறப்பதும் குறைந்திருந்தன. இப்படிப் பலன் தரும் ஒரு மாத்திரை இருந்தால், நாங்கள் யாருக்கும் எழுதாமல் விடுவோமா?

ஒரு சீட்டு, ஐந்து வரி

அன்று அந்த அம்மாவின் கையிலிருந்த சீட்டை வாங்கி, கடைசி மாத்திரைக்குக் கீழே எழுதினேன்.

‘நடை: முதல் வாரம் வீட்டுக்குள் 5 நிமிடம், ஒரு நாளைக்கு 3 முறை. இரண்டாவது வாரம் 10 நிமிடம், 2 முறை. அதன் பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டவும். மெதுவாகத் தொடங்கி, மெதுவாக முடிக்கவும். நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காரவும்.’

(அந்தச் சீட்டை மருந்துக்கடையில் கொடுத்தபோது, கடைக்காரர் கடைசி வரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இந்த ஐட்டம் எங்ககிட்ட ஸ்டாக் இல்லைங்களே” என்றாராம்!)

எழுதிக் கொடுப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் ‘பச்சை மருந்துச் சீட்டு’ என்றே ஒன்று இருக்கிறது. குடும்ப மருத்துவர் உடற்பயிற்சியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். வாயால் மட்டும் சொல்லப்பட்டவர்களையும் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வில், எழுதி வாங்கியவர்களில்தான் அதிகம் பேர் உடற்பயிற்சியைக் கூட்டியிருந்தார்கள். ஸ்வீடனிலும் இதேபோல டாக்டர்கள் சீட்டு எழுதுகிறார்கள்.

ஏன் எழுதினால் மதிப்பு? நம் வீடுகளையே பாருங்கள். டாக்டர் வாயால் சொன்னது அறிவுரை, எழுதிக் கொடுத்தது மருந்து. மருந்தை விட்டால் வீட்டில் கேட்பார்கள். அறிவுரையை விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

நடக்கும்போதுதானே வலி வந்தது?

எழுதிக் கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேயும் தவறு செய்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார். இந்த முறை, “வாக்கிங் போறீங்கல்ல?” என்று கேட்கவில்லை. “நேத்து எத்தனை நிமிஷம் நடந்தீங்க?” என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். நடக்கவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. பழைய நானாக இருந்தால் திட்டியிருப்பேன். திட்டு வாங்கிய நோயாளி அடுத்த முறை நடந்துவிட்டு வருவதில்லை. பொய்யோடுதான் வருவார். இதை நான் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது.

“எது தடுக்குது சார்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

“ரெண்டு தடவையும் எனக்கு வலி வந்தது நடக்கும்போதுதான் டாக்டர். மொத தடவை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தப்போ. ரெண்டாவது தடவை மாடிப்படி ஏறுனப்போ. இப்ப எந்திரிச்சு நாலு அடி வெச்சாலே நெஞ்சுல கை போயிடுது.”

அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். “நான்தான் டாக்டர் வேண்டாம்னேன். உசுரோட கண்ணு முன்னாடி உக்காந்திருந்தா போதும்னு தோணுது. தண்ணிச் செம்பைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கறேன்.”

இதுதான் விஷயம். சோம்பேறித்தனம் என்று நாங்கள் எழுதித் தள்ளிவிடுவது, பெரும்பாலும் பயம். நோயாளிக்கு ஒரு பயம் என்றால், மனைவிக்கு, மகளுக்கு இரண்டு மடங்கு பயம். டாக்டர் ‘ஓய்வெடுங்க’ என்று ஒரு நாள் சொல்கிறார். அந்த ஓய்வு என்றைக்கு முடிகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அது முடிவதே இல்லை.

இதற்கு நடுவில் செய்திகள் வேறு. 2021-ல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் திடீரென்று இறந்தபோது, அன்று அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தியைப் படித்துவிட்டு, “அப்ப எக்சர்சைஸ் ஆபத்துதானே டாக்டர்?” என்று கேட்டவர்கள் ஏராளம். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். உண்மை இதுதான்: பழக்கமே இல்லாத ஒருவர் திடீரென்று ஒருநாள் கடுமையாக உழைத்தால், அந்தச் சமயத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, தினமும் செய்து பழகியவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. பயம் நடையின்மேல் இருக்க வேண்டியதில்லை. ‘இன்றைக்கு ஒரேயடியாகச் செய்துவிடுவோம்’ என்ற அவசரத்தின்மேல் இருக்க வேண்டும்.

வராந்தாவில் ஆறு நிமிடம்

அவரை முதலில் வீட்டுக்குள் மட்டும், மனைவி பக்கத்தில் இருக்க, ஐந்து நிமிடம் நடக்கச் சொன்னேன். ஆறு வாரம் முடிந்து வந்தபோது, இ.சி.ஜி., எக்கோ பார்த்துவிட்டு, “வாங்க, நாம இங்கேயே நடப்போம்” என்றேன்.

‘ஆறு நிமிட நடைச் சோதனை’ என்று ஒன்று உண்டு. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி, ஒரு கடிகாரம். ஆறு நிமிடத்தில் தன் வேகத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்போம். நடுவில் நிற்கலாம், உட்காரலாம். முன்னும் பின்னும் ரத்த அழுத்தம், நாடி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்ப்போம்.

நர்ஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சுவரோரமாக, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மூன்றாவது நிமிடத்தில் அவர் நின்றுவிட்டார். கை நெஞ்சில்.

“வலிக்குதா சார்?”

“இல்ல டாக்டர். பயமா இருக்கு.”

பார்த்தோம். நாடி, அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாம் சரியாக இருந்தன. அவருக்கே அந்த எண்களைக் காட்டினேன். மறுபடி நடந்தார். ஆறு நிமிடம் முடிந்தபோது மொத்தம் 320 மீட்டர். “உங்க தெருமுனைக் கடை எவ்வளவு தூரம் இருக்கும்?” என்று கேட்டேன். “நூத்தம்பது மீட்டர் இருக்கும்” என்றார் அந்த அம்மா. பிறகு அவரே சொன்னார்: “அப்ப போயிட்டே வந்துடலாம்!”

இரண்டு வருடமாக என் வாய் செய்யாததை அந்த ஆறு நிமிடம் செய்தது.

ஐந்து நிமிட ஓ.பி.யில் என்ன செய்ய முடியும்?

சக டாக்டர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ‘காலையில 80 டோக்கன். ஒவ்வொருத்தரையும் வராந்தாவுல நடக்கவெச்சா மத்தியானம் சாப்பிட முடியுமா?’ உண்மைதான். எல்லோருக்கும் எல்லாம் முடியாது. முடிந்தவை சில உண்டு. நான் இப்போது செய்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியை மாற்றுவது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனன்ட்டே என்ற மருத்துவக் குழுமம், 2009 முதல் ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே உடற்பயிற்சியையும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பதிவு செய்கிறது. வாரத்தில் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? இரண்டே கேள்வி. எங்கள் நர்ஸ் இப்போது பி.பி. பார்க்கும்போதே இதைக் கேட்டு, பி.பி.க்குப் பக்கத்தில் எழுதிவிடுகிறார். எனக்கு ஒரு நொடிகூடக் கூடுதலாக ஆகவில்லை. எண் கேட்டால் எண்தான் பதிலாக வரும். ‘போறீங்கல்ல?’ என்று கேட்டால் ‘போறேன்’தான் வரும்.

இரண்டாவது, மார்க் கேட்பது. “இந்த வாரம் தினமும் 15 நிமிஷம் நடந்துடுவேன்னு பத்துக்கு எத்தனை மார்க் நம்பிக்கை?” ஐந்து என்றால், நான் எழுதிய அளவு அதிகம் என்று அர்த்தம். பத்து நிமிடமாகக் குறைத்துவிடுவேன். எட்டு, ஒன்பது என்று சொல்லும் வரை குறைப்பேன். செய்ய முடிகிற சின்ன அளவுதான் பெரிய அளவுக்குக் கூட்டிப்போகும்.

மூன்றாவது, கூட வந்தவரிடமும் பேசுவது. சீட்டை நோயாளியின் கையில் மட்டும் கொடுக்காமல், மனைவிக்கும் பிள்ளைக்கும் படித்துக் காட்டுவேன். “இவரை உக்காரவெச்சுப் பாத்துக்காதீங்க. நடக்கவெச்சுப் பாத்துக்கோங்க” என்பேன்.

நான்காவது, அழுத்திச் சொல்வது. 1992-ல் வெர்மான்ட்டில் வயதான இதய நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று பார்த்தார்கள். மற்ற எல்லாக் காரணங்களையும்விட வலுவாக இருந்தது ஒன்றுதான்: அவருடைய டாக்டர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பது. நாங்கள் முணுமுணுத்தால் அவர்கள் வர மாட்டார்கள்.

இதய மறுவாழ்வு மையங்கள் நம் ஊரில் பெரும்பாலும் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன. அருகில் இருந்தால் கட்டாயம் போங்கள். இல்லாத இடத்துக்கு என்ன வழி என்று நம் நாட்டிலும் யோசித்திருக்கிறார்கள். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. மறு மாரடைப்பு, மரணம் போன்றவற்றில் பெரிய வித்தியாசத்தை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால், பயிற்சி எடுத்தவர்கள் ‘உடம்பு தேவலை’ என்று உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். அதனால் யோகாவை நடைக்குப் பதிலாகச் சொல்ல மாட்டேன். நடையோடு சேர்த்துச் செய்வது நல்லது என்பேன்.

“வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே டாக்டர்?”

இதைப் பெண்கள்தான் சொல்வார்கள். பைபாஸ் முடித்து நான்கு மாதம் ஆன 62 வயது அம்மா ஒருவரும் சொன்னார். வேலை செய்யாதவர் அல்ல. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் பேரப்பிள்ளைகளுக்கு டிபன், மகனுக்கும் மருமகளுக்கும் சாப்பாட்டு டப்பா என்று ஓடுகிறவர்.

வீட்டு வேலை நல்லதுதான். உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால், அதில் பெரும்பாலானது நின்ற இடத்தில், விட்டு விட்டுச் செய்வது. இதயத்துக்கு வேண்டியது, தொடர்ந்து சில நிமிடங்கள் மூச்சு லேசாகக் கூடுகிற மாதிரி ஓர் அசைவு. அது வீட்டு வேலையில் குறைவாகவே கிடைக்கிறது.

அவரிடம், “காலைல ஆறு மணிக்குப் பார்க்குக்குப் போங்க” என்று சொல்லியிருந்தால், சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆறு மணிக்கு அவர் அடுப்படியில் இருக்க வேண்டியவர். அதனால், “ஒரு நாளைக்கு எந்த நேரம் உங்க கைல இருக்கும்?” என்று கேட்டேன். யோசித்து, “சாயங்காலம் அஞ்சு மணி. பேத்தி ஸ்கூல் விட்டு வந்து பால் குடிச்சதுக்கப்புறம்” என்றார். எழுதினேன்: ‘மொட்டை மாடி, மாலை 5 மணி, பேத்தியுடன், 10 நிமிடம்.’ கூட வந்த மருமகளிடம், “அந்த நேரம் அத்தையை யாரும் காபி கேட்கக் கூடாது” என்றேன். மருமகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஆண்களைவிடப் பெண்கள் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குக் குறைவாக வருவது உலகம் முழுக்க உள்ள நிலை. அவர்களுக்கு மனம் இல்லை என்பதல்ல. நேரத்தை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு, எப்படி?

இதய நோய் நிலையாக இருப்பவர்களுக்குக் கடைசி இலக்கு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை. அதாவது தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். அதை முதல் நாளே தொட வேண்டியதில்லை. சிலருக்கு மூன்று மாதம் ஆகும். ஒரேயடியாக 30 நிமிடம் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. இரண்டு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால், வேகம் அதிகம். கைக்கடிகாரத்தில் நாடியைப் பார்த்து நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடந்தாலும் நாடி அதிகம் ஏறாது. அதை ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஓடக் கூடாது.

முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. வயிறு நிறையச் சாப்பிட்டால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்து மணிக்கு மேல். சர்க்கரை இருப்பவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், புண் வந்ததே தெரியாது. பைபாஸ் செய்தவர்கள், நெஞ்செலும்பு கூடும்வரை கனமான பொருளைத் தூக்கவோ தள்ளவோ கூடாது. எத்தனை வாரம் என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் வலி, இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நின்று உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். ‘கொஞ்சம் பாப்போம்’ வேண்டாம்.

யாருக்கு இப்போது நடை வேண்டாம்? ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலி வருபவர்கள், சில நாட்களாகக் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் கூடுபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள். இவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால், போன மாதம் ஸ்டென்ட் வைத்தவர் அந்த எட்டையும் முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. அதே பாதையில் அரை கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்பினாலும் அது நடைதான்.

டிஸ்சார்ஜ் அன்று கேளுங்கள்

டாக்டர் மறந்தால் நீங்கள் கேட்கலாம். இந்த ஐந்து கேள்விகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

1. நான் எந்தத் தேதியிலிருந்து நடக்கலாம்?

2. எத்தனை நிமிடத்தில் தொடங்கி, எப்படிக் கூட்டுவது?

3. மாடிப்படி, பைக், தாம்பத்யம், வேலைக்குத் திரும்புவது... எது எப்போது?

4. என்ன அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்?

5. இதை எல்லாம் சீட்டில் எழுதித் தர முடியுமா?

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். எங்களுக்கும் பேசக் கூச்சம்தான். யாராவது ஒருவர் தொடங்க வேண்டுமே.

கணக்கர் இப்போது மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையிலிருந்து கிளம்பிவிடுகிறார். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மனைவியோடு நடக்கிறார். போன வாரம் வந்தபோது, நகைக்கடை காலண்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில், ஒவ்வொரு தேதியிலும் மனைவி நிமிடத்தைக் குறித்திருந்தார். 20, 25, 25, 30. மாதக் கடைசியில் இவர் கூட்டுத்தொகை போட்டுக் கோடு கிழித்திருந்தார். கணக்கு எழுதுகிற கை அல்லவா!

நடுவில் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன.

“இந்த நாலு நாள் என்னாச்சு சார்?”

“மழை டாக்டர்.”

“வீட்டுக்குள்ள நடக்க மழை தடுத்துச்சா?”

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா, “நானும் அதையேதான் கேட்டேன் டாக்டர்” என்றார்.

சீட்டை எடுத்தேன். மாத்திரைகளை எழுதிவிட்டு, கடைசி வரியில் எழுதினேன்: ‘நடை: 30 நிமிடம், வாரம் 5 நாள். மழை வந்தால் வீட்டுக்குள்.’